அக்கரையா, இக்கரையா: பஸ்ஸாவிலிருந்து வியன்னாவுக்கு டான்யூப் ஓரமாக சைக்கிளில்

பஸ்ஸாவ் நகரில் வாடகை சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆற்றோரம் வந்து நின்றதும் தீர்க்க வேண்டிய முதல் கேள்வி, எந்தக் கரையில் போவது என்பதுதான். ஜெர்மனியின் தென்கிழக்கு மூலையில் இருக்கும் அந்த ஊரிலிருந்து ஆஸ்திரியத் தலைநகர் வியன்னா வரை, டான்யூப் ஆற்றின் இரு பக்கமும் பெரும்பாலும் சைக்கிள் பாதை உண்டு. வரைபடத்தில் இரண்டும் ஒரே மாதிரிக் கோடுகள். நேரில் ஒரு கரையில் லாரிகள் விரையும் நெடுஞ்சாலையை ஒட்டிப் பாதை ஓடும். எதிர்க்கரையில் கார் நுழையவே வழியில்லாத காட்டோரமாக ஓடும். இருபது கிலோமீட்டர் போனால் அப்படியே மாறிவிடும். இக்கரைக்கு அக்கரை பச்சை என்று நாம் சொல்வது இங்கே பல இடங்களில் சொல்லுக்குச் சொல் உண்மை. பாலங்கள் அடிக்கடி வராது. படகுக்கு நேரம் உண்டு, பருவமும் உண்டு. ஆகவே மறுநாள் எங்கே கடப்பது என்பதை முந்தின இரவே முடிவு செய்துவிட வேண்டும். வழிகாட்டி இல்லாமல் தாமாகவே கிளம்புகிறவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இந்த ஒரு விஷயத்தில்தான்.

தூரம், கரையைப் பொறுத்து, 320 முதல் 330 கிலோமீட்டர். ஏழு நாளாகப் பிரித்தால் சுகமாக இருக்கும்: பஸ்ஸாவ் முதல் ஷ்லோகென் 43, லின்ஸ் 50, கிரைன் 62, மெல்க் 50, கிரெம்ஸ் 37, டுல்ன் 45, வியன்னா 38. பை மாட்டிய சைக்கிளில் சாதாரண ஆள் மணிக்கு 14, 15 கிலோமீட்டர் போவார். ஐம்பது கிலோமீட்டர் என்றால் மூன்றரை மணி நேரம் மிதித்தல். நின்று, பார்த்து, சாப்பிட்டுப் போக ஏழு மணி நேரம். ஐந்து நாளில் முடிப்பவர்களும் உண்டு. அவர்கள் பாதையை மட்டும் பார்த்துவிட்டு வருகிறார்கள் என்பது என் எண்ணம்.

ஆற்றோட்டத்தோடு போகிறோம், இறக்கமாக இருக்கும் என்று நினைப்பது இயல்பு. பஸ்ஸாவ் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 300 மீட்டர், வியன்னா 160. கணக்குப் போட்டால் கிலோமீட்டருக்கு அரை மீட்டர்கூட இறங்குவதில்லை. கால் அதை உணரவே உணராது. மேற்கிலிருந்து கிழக்கே போவதன் உண்மையான லாபம் காற்று. இந்தப் பள்ளத்தாக்கில் அதிகம் வீசுவது மேற்குக் காற்று, அது முதுகில் விழும். சில நாள் கிழக்கிலிருந்தும் எதிர்த்து வீசும். அப்படி வீசும் நாளில், குறிப்பாக கிரெம்ஸுக்குப் பிறகு நிழலே இல்லாத கரைமேட்டில், இரண்டு கியர் குறைத்துக்கொண்டு நேரத்தை மறந்துவிட வேண்டியதுதான்.

போவதற்கு மே மாத நடுவிலிருந்து ஜூன் முடிய, அல்லது செப்டம்பர். ஏப்ரல் கடைசிக்கு முன்பும் அக்டோபருக்குப் பிறகும் பல சைக்கிள் படகுகள் ஓடுவதில்லை. அந்தப் பருவத்தின் முதல் வாரங்களிலும் கடைசி வாரங்களிலும் சில படகுகள் சனி, ஞாயிறு மட்டும் ஓடும். இலையுதிர்காலக் காலைகளில் ஆற்றின்மேல் மூடுபனி இறங்கும். அது கலைகிற வரை படகுக்காரர் காத்திருப்பார், நீங்களும் காத்திருக்க வேண்டும். ஜூலை, ஆகஸ்டில் அறை கிடைப்பது கடினம். கோடை வார இறுதிகளில் ஒரே ஒரு இரவுக்கு அறை தர மறுக்கும் விடுதிகளும் உண்டு. வெள்ளி, சனி இரவுகளை முதலில் பிடித்துவிட்டு மற்றவற்றை அதைச் சுற்றி அமைத்துக்கொள்ளுங்கள்.

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வருகிறவர்களுக்கு விசா பற்றி ஒரு வார்த்தை. ஜெர்மனி, ஆஸ்திரியா உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவை அதிக இரவு தங்கும் நாட்டிடம் கேட்க வேண்டும். பயணம் ஜெர்மனியில் தொடங்கினாலும் இரவுகளில் பெரும்பகுதி ஆஸ்திரியாவில் கழிவதால் மனு ஆஸ்திரியாவுக்குத்தான் போகும். ஏழு இரவும் ஏழு ஊரில் என்பதால் ஒவ்வொரு இரவுக்கும் முன்பதிவுச் சீட்டு, தேதி வாரியாக ஒரு பக்கத் திட்டம், எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குச் சைக்கிளில் என்ற குறிப்பு எல்லாம் சேர்த்து வையுங்கள். விசாவுக்கான மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும் என்பது விதி. அந்தக் காப்பீடு சைக்கிள் விபத்தை விலக்குகிறதா என்று சின்ன எழுத்தைப் படித்துப் பாருங்கள். வாடகை சைக்கிள் திருடு போனால் யார் பொறுப்பு என்பது தனி. அதை வாடகைக்காரரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ரயிலில் வியன்னாவிலிருந்து பஸ்ஸாவுக்கு இரண்டரை மணி நேரம் போல ஆகும். சொந்த சைக்கிளோடு போவதானால் விரைவு ரயிலில் அதற்குத் தனிச் சீட்டும் முன்பதிவும் வேண்டும்; ஒரு ரயிலில் சில இடங்களே இருக்கும், கோடையில் அவை சீக்கிரம் தீர்ந்துவிடும். எளிய வழி: பஸ்ஸாவில் வாடகைக்கு எடுத்து வியன்னாவில் ஒப்படைப்பது. அந்த வசதி தரும் கடைகள் பஸ்ஸாவில் இருக்கின்றன, திரும்ப எடுத்துப் போகும் கட்டணத்தையும் சேர்த்துக் கேட்பார்கள். பெரிய பெட்டியை வியன்னா விடுதியிலேயே விட்டுவிட்டு, இரண்டு சைக்கிள் பைகளோடு ரயில் ஏறுங்கள். கடைசி நாள் அதே விடுதிக்குத்தானே வரப் போகிறீர்கள். பெட்டியை ஊருக்கு ஊர் வேனில் கொண்டுபோய்ச் சேர்க்கும் சேவையும் உண்டு. பெரும்பாலும் ஒரு பெட்டிக்கு 20 கிலோ வரம்பு, காலை 8 அல்லது 9 மணிக்குள் கீழே வைத்துவிட வேண்டும், மாலையில்தான் வந்து சேரும். அப்படி அனுப்பினாலும் பாஸ்போர்ட், மருந்து, மழைக்கோட்டு, போன் சார்ஜர் நான்கும் உங்களோடு சைக்கிளில்தான் இருக்க வேண்டும்.

இனி சைக்கிள். இதை அவசரமில்லாமல் பார்க்க வேண்டும், ஏனென்றால் நம் ஊர்க் கை பழகியது வேறு. நம் சைக்கிள்களில் வலது பிடி முன் பிரேக், இடது பிடி பின் பிரேக். ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் பெரும்பாலும் இது மாறி இருக்கும்: இடது பிடி முன் சக்கரம். சரளை இறக்கத்தில் பதற்றத்தில் நம் பழக்கப்படி இடது பிடியை அழுத்தினால் முன் சக்கரம் இறுகி ஆளைத் தூக்கிப் போடும். வாடகை சைக்கிள்களில் இன்னொன்றும் உண்டு. பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பின் சக்கரம் நிற்கும் ரூக்ட்ரிட் பிரேக். ஏழு, எட்டு கியர் பின் சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்புக்குள்ளேயே அடங்கிய சைக்கிள்களில் இது சகஜம். நின்ற இடத்தில் பெடலைப் பின்பக்கம் சுழற்றி வாகான இடத்துக்குக் கொண்டுவரும் வழக்கம் நமக்கு உண்டல்லவா, அது இதில் நடக்காது. நிற்பதற்கு முன்பே ஒரு பெடல் மேலே இருக்கும்படி நிறுத்தப் பழகுங்கள். கடை வாசலில் பத்து நிமிடம், பை ஏற்றிய சைக்கிளோடு, நிறுத்தி நிறுத்திக் கிளம்பிப் பாருங்கள். சாலையில் வலப்பக்கம் போக வேண்டும் என்பதும் சேர்ந்துகொள்ளும். முதல் நாள் தப்பு நடப்பது நேர்ச்சாலையில் இல்லை. சாப்பிட்டு எழுந்து, வெறிச்சோடிய தெருவில் மறுபடி ஏறும் கணத்தில் கால் தானாக இடப்பக்கம் இழுத்துப் போகும். பின்னால் பார்க்கும் கண்ணாடியை ஹேண்டில்பாரின் இடது முனையில் மாட்டச் சொல்லுங்கள்.

சீட் உயரம்: பெடல் அடியில் இருக்கும்போது குதிகால் அதன்மேல் படிய, முழங்கால் நேராக நீள வேண்டும். பிறகு முன்பாதத்தால் மிதித்தால் முழங்கால் லேசாக மடங்கியிருக்கும். இரண்டாம், மூன்றாம் நாள் முழங்காலின் முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்வாக இருப்பதுதான் காரணம். ஒரு சென்டிமீட்டர் ஏற்றிப் பாருங்கள். மற்றொரு காரணம் கனமான கியர். பெடல் நிமிடத்துக்கு 70 சுற்றாவது சுற்றும் அளவுக்குக் கியரை இளக்கிக்கொள்ளுங்கள். மெத்தை வைத்த சைக்கிள் காற்சட்டைக்கு உள்ளே உள்ளாடை போடக் கூடாது. தையல் உராய்ந்து தோல் உரிந்தால் பயணமே அத்தோடு நின்றுவிடும். சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போனால், உள்ளங்கை ஓரத்து நரம்பு அழுந்துகிறது என்று பொருள்: பிடியை மாற்றுங்கள், ஹேண்டில்பாரை உயர்த்துங்கள்.

டயர் பெரும்பாலும் 28 அங்குலம், 40 முதல் 47 மில்லிமீட்டர் அகலம். பை ஏற்றினால் 3.5 முதல் 4 பார், நம் கணக்கில் 50 முதல் 58 பிஎஸ்ஐ காற்று. பின்னால் கொஞ்சம் கூடுதல். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவைத் தாண்ட வேண்டாம். வால்வு மூன்று வகை வரும்: கார் வால்வு, நுனியில் சிறு திருகு உள்ள மெல்லிய பிரெஞ்சு வால்வு, நம் ஊர்ச் சைக்கிள் வால்வைப் போன்ற டன்லப் வால்வு. எடுக்கும்போதே எந்த வால்வு என்று பார்த்து, அதற்குப் பொருந்தும் பம்ப் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பஞ்சர் ஆனால் டியூபைப் பார்த்ததும் காரணம் தெரியும். அருகருகே இரண்டு ஓட்டை என்றால் காற்று குறைவாக வைத்துக்கொண்டு கல் விளிம்பில் ஏற்றியிருக்கிறீர்கள். ரிம் டியூபைக் கடித்திருக்கிறது. ஒற்றை ஓட்டை என்றால் முள், கண்ணாடி அல்லது கூரான சரளைச் சில்லு. ஒட்டு போடுமுன் டயரின் உட்புறத்தை விரலால் மெதுவாகத் தடவி அதைக் கண்டெடுக்காவிட்டால் பத்து நிமிடத்தில் மறுபடி போகும். ஹப் கியர் உள்ள பின் சக்கரத்தைக் கழற்றுவது வம்பு, கியர் கம்பியும் பிரேக் தண்டும் சேர்ந்து வரும். கழற்றவே வேண்டாம். சைக்கிளைப் பக்கவாட்டில் சாய்த்து, லீவர் போட்டு டயரின் ஒரு பக்கத்தை மட்டும் இறக்கி, ஓட்டை உள்ள இடத்தில் டியூபை வெளியே இழுத்து அங்கேயே ஒட்டுங்கள். வயர் வரை தெரியும்படி தேய்ந்த டயர் என்றால் கிளம்பும் முன்பே மாற்றிக் கேளுங்கள். கையில் இருக்க வேண்டியவை ஒரு டியூப், ஒட்டுப் பெட்டி, மூன்று லீவர், மடக்குச் சாவிக் கொத்து, ஹப் நட்டுக்கு 15 மில்லிமீட்டர் ஸ்பானர், பம்ப். மழை நாளுக்குப் பிறகு செயினுக்கு நாலு சொட்டு எண்ணெய். துடைத்துவிட்டு ஊற்ற வேண்டும்.

மின் சைக்கிள் எடுப்பவர்களுக்கு: மணிக்கு 25 கிலோமீட்டரில் மோட்டார் உதவி நின்றுவிடும். எடை 25 கிலோ தொடும். படகுத்துறையின் படியிலும் ரயில் வாசலிலும் அதைத் தூக்க வேண்டியது நீங்கள்தான், பேட்டரியையும் பையையும் கழற்றிவிட்டுத் தூக்குங்கள். ஆஸ்திரியாவில் 12 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஹெல்மெட் கட்டாயம். பெரியவர்களும் போட்டுக்கொள்வது நல்லது.

பாதைக்கு வருவோம். ஆறு ஓடும் திசையைப் பார்த்து நின்றால் இடக்கைப் பக்கம் இடக்கரை. இந்தப் பயணம் முழுக்க அதுவே வடகரை என்று வைத்துக்கொள்ளலாம். கரையில் ஆங்காங்கே எண் எழுதிய பலகைகள் நிற்கும். டான்யூபின் கிலோமீட்டர் கணக்கு ஊற்றிலிருந்து தொடங்குவதில்லை. ருமேனியாவில் கருங்கடலைத் தொடும் சுலினாவிலிருந்து மேல்நோக்கி எண்ணுகிறார்கள். பஸ்ஸாவில் 2226. நீங்கள் போகப் போக எண் குறையும். கைபேசி வரைபடம் ஆடும் இடங்களிலும் எதிர்க்கரைப் படகுத்துறை இன்னும் எவ்வளவு தூரம் என்று கணிக்க இந்தப் பலகை உதவும்.

பஸ்ஸாவில் கிளம்பும் முன் நகர மன்றக் கட்டடத்தின் சுவரைப் பாருங்கள். வெள்ளம் ஏறிய உயரங்களைக் கோடு கோடாகக் குறித்திருக்கிறார்கள். டான்யூப், இன், இல்ஸ் என மூன்று ஆறு கூடும் ஊர் இது. 2013 ஜூனில் நீர்மட்டம் 12.89 மீட்டருக்கு வந்தது, 1501க்குப் பிறகு அவ்வளவு ஏறியதில்லை. அந்தச் சுவரைப் பார்த்தவர்களுக்கு ஒன்று புரியும்: பாதையின் பெரும்பகுதி வெள்ளம் ஏறும் தளத்திலேயே இருக்கிறது. ஆற்றில் நீர் கூடினால் பாலத்தடி வழிகள் முதலில் மூழ்கும், கயிற்றுப் படகுகள் நிற்கும், வடிந்த பிறகும் வண்டல் சேறு சில நாள் கிடக்கும். 2024 செப்டம்பரில் கீழ் ஆஸ்திரியா மாநிலத்தில் பெரிய வெள்ளம் வந்தது. மஞ்சள் பலகையில் ‘உம்லைட்டுங்’ என்று இருந்தால் மாற்றுவழி என்று பொருள். தடுப்பைச் சுற்றிக்கொண்டு போகலாம் என்ற ஆசை வேண்டாம்.

முதல் நாளுக்கு என் தேர்வு இடக்கரை. ஓபர்ன்ஸெல் வரை சாலைச் சத்தம் கூடவே வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். யோகன்ஸ்டைன் அணையைத் தாண்டியதும் கார் போக்குவரத்து விலகிவிடும், காடும் தண்ணீரும் மட்டும் இருக்கும். வலக்கரையில் சாலை எங்கல்ஹார்ட்ஸ்செல் தாண்டியும் பக்கத்திலேயே வரும். இடக்கரையில் ஆவ் என்ற சிற்றூர் வரை போய், அங்கே படகில் ஷ்லோகெனுக்குக் கடக்க வேண்டும். கடைசிப் படகு நேரத்தைக் காலையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். தவறிவிடும் போலிருந்தால் முன்னாலேயே நீடர்ரன்னா பாலத்தில் வலக்கரைக்குப் போய்விடலாம். ஆவைத் தாண்டி இடக்கரையில் தொடர்ந்து போகவும் முடியாது. மலை செங்குத்தாக நீரில் இறங்குவதால் கொஞ்ச தூரம் பாதையே இல்லை. படகுக் கட்டணத்துக்கு ரொக்கமாகச் சில்லறை யூரோ வேண்டும், அட்டை எல்லா இடத்திலும் செல்லாது.

ஷ்லோகெனில் ஆறு ஏறக்குறைய முழு வட்டமாகத் திரும்பி, வந்த திசைக்கே போகிறது. மென்மையான படிவுகளின்மேல் வளைந்து வளைந்து ஓடிக்கொண்டிருந்த ஆறு, நிலம் மெல்ல உயர்ந்தபோது அதே வளைவோடு கீழே இருந்த கடினப் பாறைக்குள் அறுத்துக்கொண்டு இறங்கியதால் வந்த வடிவம் அது. கரையிலிருந்து பார்த்தால் வளைவு தெரியாது. சைக்கிளைப் பூட்டிவிட்டு அரை மணி நேரம் காட்டு வழியில் ஏறினால் பார்வை மேடை வரும். மாலை வெயிலில் ஏறுங்கள்.

மறுநாள் அஷாக் வரை வலக்கரை. இந்தப் பயணத்தின் மிக அமைதியான காலை இதுதான். அஷாக் பாலத்தில் வடக்கே கடந்து ஓட்டன்ஸ்ஹைம் போகலாம், அல்லது வலக்கரையிலேயே காய்கறி வயல்களின் ஊடே வில்ஹெரிங் வந்து, சிஸ்டர்சியன் துறவிகளின் மடத்தில் உள்ள, அலங்காரம் மிகுந்த ரோகோகோ பாணித் தேவாலயத்தைப் பார்த்துவிட்டு, கயிற்றுப் படகில் ஓட்டன்ஸ்ஹைமுக்குக் கடக்கலாம். நான் இரண்டாவதையே சொல்வேன், அந்தப் படகுக்காகவே. ஆற்றின் குறுக்கே உயரத்தில் ஒரு இரும்புக் கயிறு. அதில் உருளும் கப்பியோடு படகைக் கட்டியிருக்கிறார்கள். படகோட்டி சுக்கானால் படகை ஓட்டத்துக்குச் சாய்வாகத் திருப்புகிறார். ஓடும் நீர் சாய்ந்த பக்கத்தைத் தள்ள, படகு குறுக்காக நகர்கிறது. கடப்பதற்கான விசை ஆற்றிலிருந்தே வருகிறது. ஓட்டன்ஸ்ஹைமிலிருந்து லின்ஸ் வரை ஒன்பது, பத்து கிலோமீட்டர் நெடுஞ்சாலையை ஒட்டிய பாதை. அழகில்லை, ஆனால் பாதுகாப்பானது. சத்தம் தாங்காதவர்கள் ஓட்டன்ஸ்ஹைமிலிருந்து லின்ஸின் ஊர்ஃபார் பகுதிக்கு உள்ளூர் ரயிலில் போய்விடலாம்.

லின்ஸிலிருந்து 25 கிலோமீட்டரில் மவுட்ஹவுசன். நாஜிகளின் வதைமுகாம் 1938 முதல் 1945 வரை இங்கே இருந்தது. ஏறக்குறைய 190,000 பேரைக் கொண்டுவந்தார்கள். குறைந்தது 90,000 பேர் உயிரோடு திரும்பவில்லை. கைதிகள் கருங்கல் பாளங்களைச் சுமந்து ஏறிய 186 படிகள் கல்குவாரியில் இன்னும் இருக்கின்றன. நினைவிடம் ஊருக்கு மேலே, செங்குத்தான ஏற்றத்தில் இருக்கிறது; பையோடு மிதிக்க முடியாதவர்கள் தள்ளிக்கொண்டு போக வேண்டும். மூன்று மணி நேரமாவது வேண்டும். அதைப் பார்த்துவிட்டு அன்றே கிரைன் வரை மிதிப்பது சரியாக வராது, உடம்பாலும் மனத்தாலும். அன்றிரவு மவுட்ஹவுசனிலோ எதிர்க்கரையின் என்ஸ் நகரிலோ தங்கி, திட்டத்தில் ஒரு நாளைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

கிரைனை ஒட்டித்தான் கரைத் தேர்வு மிக முக்கியம். இடக்கரையில் நெடுஞ்சாலை ஆற்றோடு நெருக்கியடித்துக்கொண்டு போகிறது. வலக்கரையில் இப்ஸ் வரை இருபது கிலோமீட்டர் போலக் கார் அரிதாகவே வரும் சிறு சாலை. ஊரில் தங்கியவர்கள் காலையில் படகில் வீசனுக்குக் கடக்கலாம். படகு இல்லையென்றால் இரண்டு கிலோமீட்டர் மேற்கே திரும்பிப் போய்ப் பாலத்தில் கடந்தாலும் நஷ்டமில்லை. ஒரு காலத்தில் இங்கே சுழல்களிலும் பாறைகளிலும் படகுகள் சிதறின. 19ஆம் நூற்றாண்டில் பாறைகளை வெடிவைத்துத் தகர்த்தார்கள். 1959இல் முடிந்த இப்ஸ் அணை வந்த பிறகு நீர் ஏரி மாதிரி நிற்கிறது. அந்த அணையின்மேல் சைக்கிளில் கடக்கலாம். இப்ஸிலிருந்து மெல்க் வரை எந்தக் கரையும் சரி, நான் வலக்கரையில் போவேன்.

சாப்பாட்டைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கிராமங்கள் தொடர்ந்து வரும் பகுதி இது. சனிக்கிழமை மாலை 6 மணியோடு பல்பொருள் அங்காடிகள் மூடிவிடும், ஞாயிறு முழுக்கத் திறக்காது. லின்ஸ் போன்ற பெரிய ரயில் நிலையக் கடைகள்தான் விதிவிலக்கு. சிற்றூர் உணவகத்துக்கு வாரத்தில் ஒன்றிரண்டு ‘ரூஹேடாக்’, ஓய்வு நாள் உண்டு. பல ஊர்களில் அது திங்கள், செவ்வாய். மதியம் 2 மணிக்கு அடுப்பு அணைந்தால் மாலை 6 மணிக்குத்தான் மறுபடி எரியும். எனவே பையில் ரொட்டி, சீஸ், வாழைப்பழம், கொட்டை வகை எப்போதும் இருக்கட்டும். சைவர்களுக்குச் சீஸ் போட்ட மாவுருண்டைத் துணுக்குகளான கேஸ்ஷ்பெட்ஸ்லே, காளான் குழம்போடு ரொட்டி உருண்டை, டோப்ஃபன் என்ற தயிர்க்கட்டிப் பலகாரங்கள் கிடைக்கும். முட்டை எல்லாவற்றிலும் இருக்கும். ஏமாற்றுவது சூப்: காய்கறியும் சீஸ் உருண்டையும் மிதந்தாலும் நீர் மாட்டெலும்புச் சாறாக இருக்கும். உருளைக்கிழங்கிலும் பயறிலும் பன்றிக் கொழுப்புத் துண்டு விழுந்திருக்கும். ‘ஓனே ஃப்ளைஷ், ஓனே ஷ்பெக், ஓனே ரிண்ட்சுப்பே’ என்று சொன்னால் மூன்றும் வேண்டாம் என்று புரிந்துகொள்வார்கள். குழாய்த் தண்ணீர் நல்ல தண்ணீர். ஊருணிக் குழாயில் ‘கைன் ட்ரிங்க்வாசர்’ என்றிருந்தால் மட்டும் குடிக்காதீர்கள்.

மெல்க் குன்றின் பெனடிக்டின் மடம் 1089இல் தொடங்கியது. இன்று காணும் மஞ்சள் மாளிகை, யாகோப் பிரான்டாவர் 1702இல் கட்டத் தொடங்கிய பரோக் கட்டடம். அங்கிருந்து கிரெம்ஸ் வரையிலான வாகாவ் பள்ளத்தாக்கு 2000இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அணை எதுவும் தடுக்காமல் ஆறு தன்போக்கில் ஓடும் துண்டு ஆஸ்திரியாவில் இரண்டுதான்: இது ஒன்று, வியன்னாவுக்குக் கிழக்கே மற்றொன்று. நீரின் வேகம் கண்ணுக்கே தெரியும். சுற்றுலாக் கப்பல் மெல்கிலிருந்து கிரெம்ஸுக்கு இரண்டு மணி நேரத்துக்குள் இறங்குகிறது. அதே தூரம் எதிர்த்து ஏற மூன்று மணி நேரம் போல எடுக்கிறது.

இங்கே இரு கரையும் வேண்டும், 37 கிலோமீட்டருக்கு ஒரு முழு நாள் வைத்ததே அதற்காகத்தான். மெல்கிலிருந்து வலக்கரையில் போங்கள்: சமதளம், சர்க்கரை பாதாமித் தோப்புகள், 300 மீட்டர் உயரத்தில் அக்ஸ்டைன் கோட்டையின் இடிபாடு. சர்க்கரை பாதாமி என்று நான் சொல்வது ஆப்ரிகாட். இங்கே அதன் பெயர் மாரில்லே. ஜூலையில் பழம் பறிக்கும் மூன்று வாரமும் வழியெங்கும் கூடை வைத்து விற்பார்கள். பழத்தை முழுசாக உள்ளே வைத்து அவித்து, வறுத்த ரொட்டித்தூளில் புரட்டிய மாரில்லன்க்னோடெல், நம் பூரணக் கொழுக்கட்டைக்கு அண்ணன் தம்பி உறவு. ஆர்ன்ஸ்டார்ஃபிலிருந்து ஸ்பிட்ஸுக்கு இன்னொரு கயிற்றுப் படகு. கடந்த பிறகு இடக்கரையில் திராட்சைச் சரிவுகளின் கற்சுவர் அடுக்குகளுக்கு நடுவே வைசன்கிர்ஷன், டூர்ன்ஸ்டைன். இந்தப் பக்கம் சின்னச் சின்ன ஏற்றங்களும் கல் பாவிய தெருக்களும் உண்டு. மழையில் அந்தக் கல் வழுக்கும், டூர்ன்ஸ்டைன் தெருவில் இறங்கித் தள்ளுங்கள். மேலே உள்ள கோட்டையில்தான் இங்கிலாந்து மன்னன் சிங்கநெஞ்சன் ரிச்சர்டை 1192 குளிர்காலத்தில் சிறைவைத்தார்கள்.

கம்பில் ஒரு பச்சைக் கொத்து கட்டித் தொங்கினால் அந்தத் திராட்சைக்காரர் வீட்டு முற்றம் அன்று திறந்திருக்கிறது, ஹொய்ரிகெர் என்பார்கள். குளிர்ந்த பலகாரமும் சொந்த ஒயினும் கிடைக்கும். ஆஸ்திரியாவில் சைக்கிளோட்டிக்கும் ரத்தத்தில் 0.8 புரோமில், அதாவது ஆயிரத்தில் 0.8 பங்கு, என்று மது வரம்பு உண்டு. வெயிலில் மிதித்துவிட்டு வந்தவருக்கு அது எதிர்பாராத வேகத்தில் ஏறும். திராட்சைச் சாறு அதே தோட்டத்தினுடையது, அதுவும் அருமை.

கிரெம்ஸுக்குப் பிறகு மனம் கொஞ்சம் வாடும். நேரான கரைமேடு, வெயில், காற்று. வலக்கரையில் போனால் பார்க்க ஒன்றாவது இருக்கிறது: ஸ்வென்டன்டார்ஃப் அணுமின் நிலையம். முழுதாகக் கட்டி முடித்த பிறகு 1978 நவம்பர் 5 அன்று நாடு முழுக்க வாக்கெடுப்பு வைத்தார்கள், 50.47 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். ஒரு நாள்கூட ஓடாமல் அப்படியே நிற்கிறது. இந்த நாளுக்கு ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். டுல்ன், ஓவியர் எகோன் ஷீலே பிறந்த ஊர். ஆற்றோரத் தோட்டத்தில் உட்கார்ந்தால் களைப்புத் தீரும்.

கடைசி நாள் வலக்கரையில் கிரைஃபன்ஸ்டைன், க்ளோஸ்டர்நாய்பர்க் வழியாக நுஸ்டார்ஃப் வந்ததும் பாதை பிரியும். வலப்பக்கம் போவது டான்யூப் கால்வாய், அதன் ஓரமாகவே நகரத்தின் நடுவுக்கு வந்துவிடலாம். மாலை 5 மணிக் கூட்டத்தில் போகாதீர்கள். உள்ளூர்க்காரர்கள் வேகமாக வருவார்கள், நாம் வேடிக்கை பார்த்தபடி குறுக்கே நிற்போம். மற்றொரு வழியில், பாலத்தில் ஆற்றைக் கடந்து, வெள்ளத்தை வடிக்க வெட்டிய கால்வாயின் மண்ணால் உருவான 21 கிலோமீட்டர் நீள டோனாவ் தீவில் இறங்கினால் கார் இல்லை, நிழல் இருக்கிறது, குளிக்கவும் இடம் இருக்கிறது. அதிலேயே ரைக்ஸ்ப்ரூக்கெ பாலம் வரை மிதியுங்கள். அங்கே ஆற்றின் எண் 1929.